தொழிற்சாலைப் பேரேட்டில் உள்ளபடி ஒரு மைனர்

பெரியப்பாவின் மொரிஸ் மைனர் தயாராகிவிட்டது என்று கேள்விப்பட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இவ்வளவு செலவழித்திருக்கிறீர்களே, பெயிண்ட் ஏன் மினுங்கவில்லை? மினுங்கக் கூடாது என்பதுதான் என் பதில். 1957இல் ஒக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கவ்லி தொழிற்சாலையிலிருந்து இந்தக் கார் வெளியே வந்தபோது அதன் மேல் இருந்தது சாதாரண சிந்தெடிக் எனாமல். இன்றைக்குப் புதுக் கார்களின் மேல் அடிக்கிற கிளியர் கோட் அந்தக் காலத்தில் இல்லை. மைனர் ஆடம்பரக் காரும் இல்லை. 1948இல் முதல் மைனர் விற்பனைக்கு வந்தபோது வரியும் சேர்த்து 358 பவுண் சொச்சம் விலை. சம்பளக்காரக் குடும்பம் வாங்கட்டும் என்று செய்த வண்டி. அதற்கு முகம் தெரியும் அளவுக்குப் பொலிஷ் போட்டால் பார்க்க நன்றாக இருக்கலாம், ஆனால் அது 1957ஆம் ஆண்டு மைனராக இருக்காது.

தொழிற்சாலை செய்தபடியே திருப்பிக் கட்டுவது என்ற ஒழுங்கை நான் முதலில் படித்தது அமெரிக்காவின் மசில் கார்க்காரர்களிடமிருந்துதான், அதாவது பெரிய எஞ்சின் வைத்த வேகக் கார்களை மீட்டெடுக்கிறவர்களிடமிருந்து. பொன்டியாக் ஜிடிஓ, செவெல் எஸ்எஸ், பிளிமத் குடா போன்ற பெயர்கள் நம் பக்கத்து வீதிகளுக்குப் பழக்கமில்லாதவை. 1964இல் வந்த ஜிடிஓவுக்கு 6.4 லீட்டர் எஞ்சின், 325 குதிரைவலு. என் மைனருக்கு 948 சிசி, 37 குதிரைவலு. இரண்டையும் பக்கத்தில் நிறுத்த எந்த நியாயமும் இல்லை. ஆனால் அந்தக் கார்களை மீட்டெடுக்கிறவர்கள் வேலை செய்கிற விதம் எனக்குப் பிடித்துப்போனது. எஞ்சின் கட்டையில் குத்தியிருக்கும் எண்ணும் காரின் எண்ணும் பொருந்த வேண்டும் என்பார்கள். தொழிற்சாலையில் அந்தக் காருக்காக அச்சடித்த வேலைத்தாள் சில சமயம் இருக்கை ஸ்பிரிங்குக்குள் சிக்கிக் கிடைக்கும். அதைப் பொக்கிஷமாக வைத்துக்கொள்வார்கள். வேலையாட்கள் சோக்கால் போட்ட அடையாளக் கோடுகளைக்கூடத் திரும்ப வரைவார்கள். போட்டிகளில் தொழிற்சாலையைவிட அழகாகச் செய்துவிட்டால் புள்ளி குறைப்பார்கள். இதைப் படித்தபோதுதான் நான் செய்ய விரும்பிய வேலை என்னவென்று எனக்கே விளங்கியது.

கண்டியில் வாகனம் 'ஒரிஜினல்' என்று சொன்னால் பெரும்பாலும் யாரும் கைவைக்காதது என்றோ, பார்க்கப் பழசாகத் தெரிவது என்றோதான் அர்த்தம். எனக்கு அது போதவில்லை. ஒரு காகிதம் வேண்டும். அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று காரே சொல்லும். மைனரின் பொனட்டைத் திறந்தால், எஞ்சினுக்கும் சாரதி அறைக்கும் நடுவே இருக்கும் தகட்டுச் சுவரில் ஒரு சிறிய அடையாளத் தகடு இருக்கும். 1950களின் நடுவில் வந்த மைனரில் மூன்று எழுத்தும் இரண்டு இலக்கமும், அதற்குப் பின்னால் தொடர் எண்ணும் இருக்கும். முதல் எழுத்து 'எஃப்' என்றால் மைனர். இரண்டாவது எழுத்து உடலமைப்பு. 'ஏ' நான்கு கதவு, 'பி' இரண்டு கதவு. மூன்றாவது எழுத்து நிறத்தைக் காட்டும். அடுத்த இலக்கம் எந்தச் சந்தைக்குச் செய்தது என்பதைச் சொல்லும். 1 என்றால் பிரித்தானியாவுக்கு, 2 என்றால் வலப்பக்கச் சுக்கானோடு ஏற்றுமதிக்கு. கடைசி இலக்கம் பெயிண்டின் வகை. பெரியப்பாவின் காரில் அந்தத் தகட்டின் மேல் பல தடவை தூரிகை ஓடியிருந்தது. தின்னரும் பழைய பல்துலக்கியுமாக மெல்ல மெல்லத் துடைத்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நான்கு கதவு, ஏற்றுமதி, நிறம் சாம்பல் என்றது தகடு. ஆனால் என் முன்னால் நின்ற காரோ இரத்தச் சிவப்பு.

இங்கிலாந்தின் கெய்டன் என்ற ஊரில் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய தொழிற்சாலைகளின் உற்பத்திப் பேரேடுகள் அங்கேதான் காப்பகத்தில் உள்ளன. காரின் எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால், பேரேட்டில் அந்தக் காருக்கு உரிய வரியைப் பார்த்து ஒரு சான்றிதழ் தருவார்கள். கட்டிய தேதி, அனுப்பிய தேதி, போன ஊர், நிறம், உள் அலங்காரம், எஞ்சின் எண் எல்லாம் அதில் வரும். எனக்கு வந்ததில் மொரிஸ் மைனர் 1000, நான்கு கதவு, கிளாரெண்டன் கிரே, மெரூன் இருக்கை, கொழும்பு என்று இருந்தது.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தேன். இதைச் சொல்லத்தான் வேண்டும். பெரியப்பா தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் டீமேக்கர். 1960களில் ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரையிடமிருந்து இந்தக் காரை வாங்கினார். அந்த நேரம் பெரியப்பாவுக்கு இந்த நாட்டில் பிரஜாவுரிமை இல்லை. 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது எல்லோருக்கும் தெரியும். எங்கே பிறந்தாய், அப்பன் எங்கே பிறந்தான், காகிதம் கொண்டுவா என்று கேட்டார்கள். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு எங்கிருந்து காகிதம் வரும்? விண்ணப்பம், விசாரணை, மேல் விசாரணை என்று பெரியப்பா கண்டிக்கும் கொழும்புக்கும் அலைந்தது இந்தக் காரில்தான். காருக்கு எந்த நாளில் பிறந்தது, என்ன நிறம், எங்கே போனது என்று கடல் கடந்த ஒரு பேரேட்டில் பிழையில்லாத ஒரு வரி இருந்திருக்கிறது. ஓட்டியவருக்கு அப்படி ஒரு வரி இருக்கவில்லை. அதனால்தான் காருக்கு இருக்கும் வரியையாவது எழுத்துக்கு எழுத்து மதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இனி வேலைக்கு வருகிறேன்.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பின்னாளில் மினியையும் செய்தவர். உற்பத்திக்குப் போகும் கடைசி நேரத்தில் மாதிரிக் காரைப் பார்த்து, இது ஒடுக்கமாக இருக்கிறது என்று நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளிப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினார். மைனரின் பொனட் நடுவில் ஓடும் அந்தத் தட்டையான பட்டை அப்படி வந்ததுதான். அதற்குள் பம்பர்கள் செய்து முடிந்துவிட்டதால் அவற்றை நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டார்கள். இந்தக் கதையை நான் எங்கள் டிங்கரிங் நானாவிடம் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு கராஜில் அந்தப் பட்டையின் இரு ஓரத்தையும் பட்டி பூசி வழித்து, பொனட்டை ஒரே வளைவாக்கி வைத்திருந்தார்கள். கேட்டால் 'சேப்' நன்றாக இருக்கிறதாம். நானா பொனட்டைத் தட்டிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார். "தம்பி, மேலுக்கு நல்லா ஈக்கி. உள்ளுக்கு ஒண்டும் இல்ல," என்றார்.

அவர் சொன்னது பொனட்டுக்கு மட்டுமல்ல, முழுக் காருக்கும் பொருந்தியது. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். அதனால் துரு எங்கே பிடிக்கிறது என்பது உயிர் விஷயம். பின் ஸ்பிரிங் கொழுவும் இடம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, ஜாக்கி வைக்கும் இடம், குறுக்குச் சட்டம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கண்டியில் வருடத்தில் பாதி நாள் ஈரம். மலைநாட்டுத் தோட்டத்துப் பாதையின் சேறு அடியில் போய் அப்பிக் காயாமலே கிடக்கும். பெட்டரி வைக்கும் தட்டில் அசிட் கசிந்து தகடு சல்லடையாகியிருந்தது. இவை எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு மேலே விரல் தடிப்பில் பட்டி. சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. சிவப்புக்குக் கீழே ஒரு வெண்மஞ்சள், அதற்குக் கீழே ஒரு பச்சை. கிளாரெண்டன் கிரேயைக் காண டேஷ் பலகையைக் கழற்ற வேண்டியிருந்தது. வெயில் படாத, எந்தப் பெயிண்டரின் துப்பாக்கியும் எட்டாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு அந்த நிறம் அப்படியே இருந்தது. கொஞ்சம் நீலம் கலந்தாற்போல ஒரு சாம்பல். மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் ஹந்தானை மலை அந்த நிறத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நானாவின் வேலையைப் பற்றி ஒரு தனிப் பதிவே எழுதலாம். இப்போது உடைந்த தகட்டுக்குப் பட்டி பூசி மூடுகிறவர்கள்தான் அதிகம். இவர் பழைய முறையில், ஒட்டு விழுந்த இடத்தில் ஈயம் உருக்கி ஊற்றி அரம் போட்டுச் சமப்படுத்துகிறவர். அந்தக் காலத்துப் பிரித்தானியத் தொழிற்சாலைகளிலும் தகடுகளின் ஒட்டை மூடியது ஈயத்தால்தான். ஆகவே கட்டுகஸ்தோட்டையில் ஒரு சின்னக் கொட்டகைக்குள் நானா செய்துகொண்டிருந்தது அப்படியே தொழிற்சாலை முறை. அதை நான் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. வாப்பா இப்படித்தான் செய்தார் என்றார்.

தகடுகள் வாங்கப் போனபோது ஒரு உண்மை தெரியவந்தது. முன் மட்காட்டுக்கு இங்கிலாந்தில் விசாரித்துக்கொண்டிருந்தபோதுதான் சார்ள்ஸ் வெயார் என்பவரைப் பற்றி விரிவாகப் படித்தேன். பாத் நகரத்தில் மைனருக்கென்றே ஒரு நிலையம் நடத்தியவர். ஒரு காரை வாங்கி எறிவதைவிடப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து வாழ்நாளெல்லாம் ஓட்டுவதே சிக்கனம் என்று புத்தகமே எழுதியவர். அவர் 1990களில் இலங்கையில் கூட்டு முயற்சியாக ஒரு பட்டறை அமைத்து, மைனருக்கான உடல் தகடுகளை இங்கே செய்வித்து அங்கே கொண்டுபோனார். நம் ஆட்கள் சுத்தியலால் அடித்து வளைத்த மட்காட் பிரித்தானியாவில் ஒரு மைனரின் மேல் ஏறியது. இறக்குமதி இறுகிக் கிடந்த 1970களில் கொழும்புப் பஞ்சிகாவத்தையிலும் கம்மாலைகளிலும் லேத் கடைகளிலும் இல்லாத சாமானை உண்டாக்கிக் கற்றுக்கொண்ட கைகள் அவை. அந்தக் கைகளை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

நான் வேலையைத் தொடங்கிய பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. இங்கிலாந்தில் அதே விலைக்கு இருந்த ரப்பர் பட்டி எனக்கு ஏறக்குறைய இரட்டிப்பானது. பெற்றோல் இல்லை, கியூஆர் அட்டையில் காருக்கு வாரம் 20 லீட்டர். கார் கட்டைகளின் மேல் நின்றதால் எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் வெல்டிங் காஸ் இல்லாமல், மின்சாரம் இல்லாமல் நானாவின் கொட்டகை மூடிக் கிடந்தது. அந்த நாட்களைப் பற்றி வேறு சொல்வதற்கு இல்லை.

எஞ்சினில்தான் எனக்கு ஒரு கொள்கைச் சண்டை வந்தது. 1980களில் பெரியப்பா மைனரின் சொந்த எஞ்சினை எடுத்துவிட்டு டட்சன் 1200 எஞ்சினைக் கியர்பெட்டியோடு போட்டிருந்தார். அப்போது பலரும் அதைத்தான் செய்தார்கள். சாமான் கிடைக்கும், பெற்றோலும் குறைவு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. டட்சன் செய்த நிசான் கம்பனி 1952இல் உரிமம் பெற்று, மொரிஸின் கூட்டாளியான ஒஸ்டினின் கார்களைக் கட்டித்தான் தொழில் பழகியது என்பதையும் சேர்த்து யோசித்தால், அந்த எஞ்சினை மைனருக்கு அந்நியன் என்று சொல்லவும் மனம் வராது. ஆனால் பேரேட்டில் இருப்பது 948 சிசி. அந்த எண்ணுள்ள கட்டை எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. கம்பளைப் பக்கத்தில் ஒரு கொட்டிலில் அதே வகை 948 ஒன்று கிடைத்தது. அதன் எண் வேறு.

இந்த இடத்தில் ஒரு நண்பர், லேத் கடையில் கொடுத்துப் பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுச் சான்றிதழில் உள்ள எண்ணைக் குத்திவிடலாம், யாருக்குத் தெரியும் என்றார். அமெரிக்காவில் மசில் கார் சந்தையைக் கெடுத்ததே இந்த வேலைதான். எண் பொருந்தும் கார் கூடிய விலை போவதால், எண்ணைப் பொருத்தி விற்கிறவர்கள் முளைத்தார்கள். நான் ஒப்பவே இல்லை. இந்தக் காரில் சரியான வகை எஞ்சின் இருக்கிறது, ஆனால் அதனோடு பிறந்த எஞ்சின் இல்லை. அதுதான் உண்மை. மோட்டார் வாகனத் திணைக்களத்தில் முறைப்படி எஞ்சின் மாற்றத்தைப் பதிந்து, புத்தகத்தில் புது எண்ணை எழுதுவித்தேன். பேரேட்டை மதிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு இரும்பில் பொய் எழுத முடியாது.

எஞ்சினை இறக்கிப் பார்த்தால் சிலிண்டர் தேய்மானம் சமாளிக்கக்கூடியது. ஹெட்டில் மட்டும் ஒரு மாற்றம் செய்தோம். 2002இல் இங்கே ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. அந்த ஈயம்தான் இந்த எஞ்சின்களின் வால்வு உட்காரும் இடத்தைக் காத்தது. அது இல்லாமல் மலை ஏற ஏற வார்ப்பிரும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகும். ஆகவே கடின உருக்கு வளையம் வைத்தோம். வெளியே தெரியாது. மின்சாரத்தில் நேர்முனை பாடியில் பூட்டும் பழைய முறையையே வைத்தேன். டைனமோவும் அதே. எஸ்யூ கார்பரேட்டர், தகட்டுச் சுவரில் டிக் டிக் என்று அடிக்கும் எஸ்யூ மின் பம்ப் இரண்டும் திரும்பி வந்தன. சாவி போட்டதும், பெரியப்பா காலத்திலேயே அந்தப் பம்ப் சத்தம் பழகிய அத்தை அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். அவர் வந்து நின்றதைத் தவிர வேறு சான்றிதழ் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மைனர் வைத்திருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முன் சில்லைத் தாங்கும் கீழ்ப் பூட்டு மரையில் சுழலும். இங்கே எல்லோரும் மொத்தமாகக் கிங்பின் என்பார்கள். கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து ஒரு நாள் கழன்று சில்லு அப்படியே மடிந்து விழும். வேகமாக ஓடும்போது நடப்பதைவிட, வளைவில் சுக்கானை முழுக்கத் திருப்பும்போதுதான் இது அதிகம் நடக்கும். நம் மலைப் பாதை முழுக்க வளைவு. தொழிற்சாலைக் கைநூல் ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் சொல்கிறது. நிறத்துக்கும் இருக்கைக்கும் செலவழிக்க முன்னால் இதைப் பாருங்கள்.

அடுத்தது சமிக்ஞைக் கை. 1961 வரையில் பெரும்பாலான மைனர்களுக்கு மினுக்கும் விளக்கு இல்லை. இரண்டு கதவுக்கும் நடுத்தூணுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை மடிந்து வெளியே நீளும், அதற்குள் ஒரு பல்ப் எரியும். இந்தக் காரில் அந்த ஓட்டைகளைத் தகடு வைத்து அடைத்திருந்தார்கள். நானா வெட்டித் திறந்தார். உள்ளே இடப்பக்கத்துக் கையின் உடைந்த அடிப்பாகம் இன்னும் இருந்தது. இரண்டு கைகளும் இப்போது வேலை செய்கின்றன. ஆனால் கட்டுக்கலைச் சந்தியில் பின்னால் வரும் பஸ்காரருக்கும் முச்சக்கர வண்டிக்காரருக்கும் அந்தக் கை என்ன சொல்கிறது என்று தெரியாது. உயிரோடு விளையாடக் கூடாது. அதற்குத் தொழிற்சாலையே ஒரு வழி காட்டியிருந்தது. 1961இல் கையை எடுத்தபோது அவர்கள் தனி விளக்கு வைக்கவில்லை. முன்னால் இருக்கும் சிறு விளக்கையும் பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கையுமே ஒரு ரிலே வைத்து மினுக்க வைத்தார்கள். நானும் அதையே செய்தேன். வெளியே ஒரு திருகாணிகூடக் கூடவில்லை. கையும் நீளும், விளக்கும் மினுங்கும்.

இருக்கைக்குக் குஷன் வேலை செய்த அய்யே திகனைப் பக்கத்துக்காரர். மெரூன் தோல் என்றதும் கார்க் கடைகளில் கிடைக்கும் ரெக்சினை எடுத்து விரித்தார். பழைய இருக்கையின் அடியில் மடிந்து கிடந்த தோல் துண்டை வெட்டிக் காட்டினேன். அதன் பிறகு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பழைய தையலை நூல் நூலாகப் பிரித்து, ஒவ்வொரு அங்குலத்துக்கும் எத்தனை தையல் என்று எண்ணி எழுதிக்கொண்டார். இப்படி ஒரு ஆளிடம் கார் போய்ச் சேர்ந்தது அதன் அதிர்ஷ்டம்.

கழற்றிய சாமான்கள் எதையும் நான் எறியவில்லை. டட்சன் கியர்பெட்டியைத் தாங்குவதற்காகத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் பட்டறையில் பிட்டர் ஒருவர் செய்து கொடுத்த இரும்புத் தாங்கி ஒன்று இருக்கிறது. உடைந்த சோக் பிடிக்குப் பதிலாக மரத்தில் கடைந்த ஒரு குமிழ். பேரேட்டில் இவற்றுக்கு இடமில்லை, ஆகவே காரிலும் இடமில்லை. ஆனால் இந்தக் கார் இலங்கையில் அறுபது வருடம் ஓடியதற்கு இவைதான் சாட்சி. ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டி, எங்கிருந்து எடுத்தது என்று எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். எதையும் வெட்டி ஒட்டித் திரும்ப முடியாதபடி செய்யவில்லை. நாளைக்கு மகள் இதை டட்சன் எஞ்சினோடு பெரியப்பா ஓட்டிய காராக மாற்ற விரும்பினால் மாற்றலாம்.

சொல்ல மிச்சமிருப்பது இலக்கத் தகடு. அது தொழிற்சாலை கொடுத்தது இல்லை, இந்த நாடு கொடுத்தது. 1957க்கு முன் பதிந்த கார்களுக்கு இஎன், இவை, சிஎன் என்று ஆங்கில எழுத்து. 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்தைக் கொண்டுவந்தார்கள். இந்தக் கார் அந்த முதல் வருடத்துக் கார், ஒன்று ஸ்ரீ. அதே வருடம் ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் தமிழர் உரிமை குறித்து ஒப்பந்தம் செய்தார்கள். ஒக்டோபரில் அதை எதிர்த்து ஜே.ஆர். ஜயவர்தன கொழும்பிலிருந்து கண்டிக்கு, இந்தக் கார் எத்தனையோ தடவை ஏறி இறங்கிய அதே வீதியில், யாத்திரை புறப்பட்டு இம்புல்கொடையில் தடுத்து நிறுத்தப்பட்டார். அடுத்த வருடம் ஸ்ரீ எழுத்துள்ள பஸ்கள் வடக்கே போனபோது அந்த எழுத்தின் மேல் தார் பூசும் போராட்டம் தொடங்கி மலைநாட்டுக்கும் பரவியது. பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டதில் இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது, மே மாதம் தமிழருக்கு எதிரான கலவரம். ஒரே ஒரு எழுத்துக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

அந்த எழுத்தை என்ன செய்யப் போகிறாய் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அதை விட்டுவிட்டு வெறும் கோடு போடு என்றார் ஒருவர். இன்னொருவர் கோபமாகவே, நம் எழுத்தில் எழுது என்றார். அவருடைய கோபத்தை நான் மதிக்கிறேன், அவருடைய குடும்பம் 1958ஐக் கண்ட குடும்பம். ஆனால் என் முடிவு வேறாக இருந்தது. கறுப்புப் பலகையில் வெள்ளைப் பெயிண்டால், அந்தக் காலத்தில் போலவே கையால், அந்த எழுத்தை அப்படியே எழுதுவித்தேன். சிவப்புப் பெயிண்டைச் சுரண்டி எறிந்தது நிறம் பிடிக்காததால் இல்லை, அது 1957 இல்லை என்பதால். அந்த எழுத்து 1957. அது பெரியப்பாவின் மேல் சுமத்தப்பட்ட எழுத்து, அவர் அதை முன்னாலும் பின்னாலும் மாட்டிக்கொண்டுதான் பிரஜாவுரிமை கேட்டுப் போனார். அதை நான் அழித்தால் அழிவது யாருடைய கதை? வீட்டுக்கு வரும் பிள்ளைகள் இது என்ன எழுத்து என்று கேட்கிறார்கள். கேட்கிற ஒவ்வொருவருக்கும் முழுக் கதையையும் சொல்கிறேன்.

கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் பூசை முடித்து, சில்லுக்கு எலுமிச்சை வைத்து, பேராதனை வழியாகக் கடுகண்ணாவைக்குப் போனோம். கீழே இறங்கித் திரும்பி ஏறினால்தான் 948 தாங்குமா என்று தெரியும். மேலே டோசன் கோபுரம், பாறையைக் குடைந்த பழைய வழி. கவ்லியில் சமதரையில் பிறந்த கார், இரண்டாவது கியரில் ஏறியது. டட்சன் இதைவிட லேசாக ஏறும் என்பது உண்மை. ஆனால் எஞ்சின் கொதிக்கவில்லை, கிளச் மணக்கவில்லை, பின்னால் வரிசை கட்டிய லொறிக்காரர்கள் ஹோர்ன் அடிக்காமல் கை காட்டிப் போனார்கள்.

இன்னும் செய்ய வேண்டியவை இருக்கின்றன. பின் கண்ணாடி ரப்பர் மழைக்குக் கசிகிறது. வேகமானியின் முகப்புச் சரியான வகைதானா என்று ஒரு சந்தேகம். உங்களிடமோ உங்கள் ஊரிலோ ஒரு மைனர் கிடந்தால், அதை வாங்கவோ விற்கவோ வெட்டவோ முன்னால் பொனட்டைத் திறந்து அந்தத் தகட்டைத் துடைத்து ஒரு படம் எடுத்து வையுங்கள். டேஷ் பலகைக்குப் பின்னால் இருக்கும் நிறத்தையும் படம் எடுங்கள். பெயிண்டரிடம் கொடுக்கும்போது தகட்டைக் கழற்ற விடாதீர்கள். ஆணி பறிந்த தகடு எப்படியும் தொலைந்துதான் போகும். தெல்தோட்டை, கலஹா, புசல்லாவைப் பக்கம் 1957, 1958ஆம் வருடத்து நான்கு கதவு மைனர் வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் காரின் வேகமானியையும் ஒரு படம் எடுத்து எனக்குக் காட்டுங்கள்.